பேச்சில்லாத ஒன்பது பாட்டு

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நானே வந்து டேப்பை வாங்கிக்கொள்வேன், பத்துப் பாட்டும் தயாராக இருக்க வேண்டும் என்று ரெக்கார்டு கம்பெனிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனதைப் போன வாரம் பார்த்தோம். அந்த வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. அன்று மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு நாலுகம்பி தன் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டான்.

நாலுகம்பி என்பது ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயர். பேஸ் கிடாருக்கு நாலே கம்பிதான். அந்த நாலு கம்பியை அவன் இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களின் பாட்டுக்கு அடியில் வாசித்தான். பாட்டைக் கேட்கிற யாருக்கும் அவனைத் தெரியாது. அவன் விரலை எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தோன்றும், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஸ்டுடியோ வேலைகள் குறைய ஆரம்பித்தபோது, தனக்கென்று ஒரு ஆல்பம் செய்யப் போவதாக வீட்டில் சொன்னான். சின்ன வயதில் அவனைக் கிறுக்குப் பிடிக்க வைத்த அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய ஃபங்க், சோல் இசை. உட்கார்ந்திருப்பவனின் காலைத் தட்ட வைத்து, அப்படியே தொண்டையையும் அடைக்க வைக்கும். பாடகர் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. ட்ரம்ஸ், பேஸ், கிடார், ஆர்கன், ட்ரம்பெட் எல்லாவற்றையும் அவனே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பழைய டேப் மெஷினில் ஏற்றுவான். பல்லக்கில் இருப்பவனும் அவன், தூக்குகிறவனும் அவன்.

அதற்காகப் படிக்கட்டின் உச்சியில் இருந்த சாமான் அறையைக் காலி செய்து கொடுத்தாள் மனைவி. அவளுடைய அண்ணன், நாலுகம்பிக்கு மச்சான், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். இழுத்து மூடப்பட்ட ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியிலிருந்து குளிர் அறைக் கதவு ஒன்றை நாலு பேரை வைத்துத் தூக்கி வந்து மாட்டிக் கொடுத்தார். ஒரு சாண் கனம். மூடினால் ஈ பறக்கும் சத்தம்கூட வெளியே போகாது.

அந்தக் கதவை உள்ளே இருந்து திறக்கும் இரும்புக் கம்பி ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் சொல்லிச் சரி செய்யச் சொல்லுங்கள் என்று மனைவி நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். பத்தாவது பாட்டு முடியட்டும் என்றான். பல்வலிக்கும் அதுதான் பதில், மகளின் பள்ளிக் கூட்டத்துக்கும் அதுதான் பதில். கதவு மூடிக்கொள்ளாமல் இருக்கக் கீழே ஒரு மர ஆப்பைச் செருகி வைத்தான்.

அன்று அவன் ட்ரம்ஸ் வாசித்தபோது அந்த ஆப்பு கதவோடு சேர்ந்து கிடுகிடுவென்று அதிர்ந்தது. டேப்பில் அது கேட்டது. எரிச்சலோடு போய் ஆப்பைப் பிடுங்கினான். ஆப்பசைத்த குரங்கு கதைதான். கதவு தன் கனத்திலேயே போய் மூடிக்கொண்டது. கம்பியைத் தள்ளினான். கம்பி கையோடு வந்துவிட்டது. கதவுக்குள் எதுவோ உடைந்து விழும் ஓசை கேட்டது.

செல்போன் கீழே சாப்பாட்டு மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினான், உதைத்தான், கத்தினான். சத்தம் வெளியே போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை. நன்றாகவே கட்டியிருந்தான்.

பிறகுதான் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. பாட்டில் கொஞ்சம் எதிரொலி வேண்டுமென்றால் அவன் படிக்கட்டைப் பயன்படுத்துவான். அறைக்கு வெளியே படியில் ஒரு ஸ்பீக்கர், கைப்பிடிச் சுவரில் ஒரு மைக். உள்ளே வாசித்ததை ஸ்பீக்கரில் விட்டால், படிக்கட்டில் முட்டி மோதி வருவதை மைக் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும். ஆக, அவன் பேசினால் வெளியே கேட்கும், வெளியே பேசினால் அவன் ஹெட்ஃபோனில் கேட்கும். சுவிட்சைப் போட்டு, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டான். கீழ்த்தளத்து அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கும்? மனைவி வேலையில், மகள் பள்ளிக்கூடத்தில். மகள் வரும்போது மணி நாலரை ஆகிவிடும்.

ஸ்பீக்கர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். காற்று வரும் குழாய் ஒன்று இருந்ததால் மூச்சுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அறை நாலு எட்டு வைத்தால் முடியும் நீளம், மூன்று எட்டு வைத்தால் முடியும் அகலம். மூன்று வருஷமாக அவனுக்குப் பெரிதாகத் தெரிந்த அறை அன்று சுருங்கிச் சுருங்கி வந்தது.

இரண்டேகால் மணி இருக்கும். ஹெட்ஃபோனில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தத்திலேயே மனைவி என்று தெரிந்தது, வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருக்க வேண்டும். கூடவே கனமான பூட்ஸ், மச்சான். இரண்டு பேரும் படியேறி வந்தார்கள். அப்பாடா என்று அவன் கட்டைவிரல் சுவிட்சுக்குப் போனது. அதே நேரம் அவனுடைய செல்போன் மணி அடித்தது. அவள் அதைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் படிக்கட்டுதான். பேசியது யார் என்பது அவளுடைய முதல் இரண்டு வார்த்தையிலேயே விளங்கிவிட்டது. ரெக்கார்டு கம்பெனிக்காரர். என்னதான் சொல்கிறார் பார்ப்போம் என்று அவன் விரல் அங்கேயே நின்றது.

அவர் பழைய பல்லவியைத்தான் பாடியிருப்பார். ரெண்டு பாட்டிலாவது ஒரு குரல் வேண்டும், வெறும் வாத்தியத்தை யார் கேட்பார்கள் என்று. மனைவி கொஞ்ச நேரம் உம் கொட்டினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"அஞ்சு மணிக்கு வாங்க. ஒன்பது பாட்டு இருக்கும். குரல் இருக்காது. அது வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, அவரை அலைக்கழிக்க வேண்டாம்."

நாலுகம்பிக்குச் சுருக்கென்றது. என் ஆல்பத்துக்கு எண்ணிக்கை சொல்ல இவள் யார்? ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து சம்மதம் வந்திருக்க வேண்டும். சரி, வாங்க என்று அவள் போனை வைத்தாள்.

மாப்பிள்ளை மேலே இருக்கிறாரா என்று மச்சான் கேட்டார். மெஷினுக்கு ஏதோ வாங்கப் போகிறேன் என்று காலையில் சொன்னார், போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார் என்றாள் அவள். உண்மைதான். போகிறேன் என்று சொன்னான், போகவில்லை.

"இருந்தாலும் என்ன அண்ணா? கதவை மாட்டினது நீங்கதானே. இடி விழுந்தாலும் உள்ளே கேக்காது."

பாட்டு ஓடாதபோதும் சுவர் மைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் படியில் உட்காரும் சத்தம் கேட்டது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்குக் காது வைத்தவனே அவன்தான். இப்போதாவது சுவிட்சைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். பதினான்கு வருஷமாக ஓர் இருட்டு அறையில் நின்றுகொண்டு, இது தெளிவா அது தெளிவா என்று வருகிறவர்களைக் கேட்பது வேலை. வேறு ஊரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி தன் பரிசோதனைப் பிரிவை அவள் பொறுப்பில் விட இரண்டு தடவை கூப்பிட்டதும், ஆல்பம் முடியட்டும் என்று அவன் சொன்னதற்காக இரண்டு தடவையும் அவள் மறுத்ததும் வாசகர்களுக்குத் தெரியும். மூன்றாம் தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அது அவனுக்குத் தெரியாது. இப்போது ஹெட்ஃபோனில் தெரிந்தது. வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். மகளையும் அங்கேயே பள்ளியில் சேர்க்கிறாள். வீடுகூடப் பார்த்தாகிவிட்டது.

அவரிடம் எப்போது சொல்லப் போகிறாய் என்று மச்சான் கேட்டார். அச்சக மெஷின் ஓடும் ஓசைதான் வந்துகொண்டிருந்தது.

"இப்ப சொன்னா எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுக் கூட வந்துடுவார். அப்புறம் காலத்துக்கும் அவர் பாட்டை நிறுத்தினவ நான்தான். சொல்லலைன்னா இவர் முடிக்கவே மாட்டார். நான் எந்தப் பக்கம் திரும்புறது, சொல்லுங்க."

முடிக்கத்தானே போகிறார், ஒரு பாட்டுதானே பாக்கி என்றார் மச்சான்.

"பத்தாவது பாட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது அண்ணா. ஒன்பதோட அது முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. அவருக்கும் அது தெரியும். முடிச்சா வெளியே வரணுமே."

நாலுகம்பி இரண்டு கையாலும் ஹெட்ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அவள் தொடர்ந்து சொன்னாள். அவன் குளிக்கப் போகும் நேரத்தில், கடைக்குப் போகும் நேரத்தில், மேலே வந்து ஒவ்வொரு பாட்டாகக் கேட்டிருக்கிறாள். நாலாவது பாட்டில் ஆர்கன் தனியாக நிற்கும் இடம் வரும்போது மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போய்விடுவாளாம், வேலைக்குப் போகிற முகம் கெட்டுவிடும் என்று. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட எப்படிப் போகிறது பாட்டு என்று அவள் கேட்டதில்லை. காது கொடுக்கவே மாட்டேன் என்கிறாளே என்று அவன் மனத்தில் ஒரு குறையே இருந்தது. ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று மச்சான் கேட்டதற்கு, நல்லா இருக்குன்னு சொன்னா இன்னும் நல்லா பண்றேன்னு மறுபடி உள்ளே போய்டுவார் என்றாள். மச்சான் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

இருதலைக்கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருந்தான் அவன். சுவிட்சைப் போட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். போடாவிட்டால் இன்னும் கேட்க வேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் தள்ளிப்போகப் போக, ஏன் இவ்வளவு நேரம் சும்மா இருந்தாய் என்ற கேள்வியும் கனத்துக்கொண்டே போனது. கதவு பூட்டிக்கொண்டது போதாது என்று வாயையும் பூட்டிக்கொண்டாயிற்று. மச்சான் பழைய கதைகளுக்குப் போனார், அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள், கண்ணாடி டம்ளர் படியில் வைக்கப்படுவது கேட்டது. மணி மூன்றரை ஆனது.

மச்சான் எழுந்தார். ஒன்று மட்டும் சொல்கிறேன் கேள், இன்று ராத்திரிக்குள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு என்றார். இல்லையென்றால் நானே சொல்கிறேன், நான் சொல்லி அவர் கேட்பது மரியாதையாக இருக்காது என்றார். அவள் டம்ளரை எடுத்து மறுபடி படியிலேயே வைக்கும் சத்தம் கேட்டது. அவளால் சொல்ல முடியாது என்பது அவனுக்குப் புரிந்தது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அது கூடவா புரியாது?

சுவிட்சைப் போட்டான்.

"நான் உள்ளேதான் இருக்கேன்."

ஸ்பீக்கரிலிருந்து வந்த தன் குரல் படிக்கட்டில் ஏறி இறங்கித் திரும்பி வருவதை அவனே கேட்டான். டம்ளர் ஒன்று உருண்டு படிப்படியாக விழுந்தது. முதலில் சுதாரித்தவர் மச்சான்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் இருபது வருஷமாகப் பேசுகிற குரல் தானாக வந்தது. பதறாதீங்க மாப்பிள்ளை, காத்து வருதா, கதவை உதைக்காதீங்க. ஓடிவந்து வெளிப்பக்கக் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். அது ஆடுகிற பல்லைப் போல இப்படியும் அப்படியும் சுற்றியது, கதவு அசையவில்லை. உள்ளே பூட்டு உடைந்து விழுந்துவிட்டது, கீலைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து சாமான் பையை எடுத்து வரக் கீழே போனார்.

படிக்கட்டில் அவள் மட்டும் இருந்தாள். அவள் மூச்சு மைக்குக்குப் பக்கத்தில் கேட்டது.

"எவ்வளவு நேரமா இருக்கீங்க?"

"பன்னண்டரையிலிருந்து."

"எல்லாத்தையும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்ப ஏன் கூப்பிடலை?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம், சுவிட்சு வேலை செய்யவில்லை என்று சொல்லலாம்.

"என்னைப் பத்தி நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை" என்றான்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பத்தாவது பாட்டு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. எட்டு மாதமாக அதற்கு வெறும் ட்ரம்ஸ் மட்டும்தான் வாசித்துக்கொண்டிருந்தான். வாசிப்பான், அழிப்பான், மறுபடி வாசிப்பான். அடுத்த வாத்தியத்தை எடுத்தால் பாட்டு முடிந்துவிடும்.

"இல்லை."

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். ஸ்குரூக்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, காத்திருந்து, கழற்ற வேண்டியிருந்தது. நான் மாட்டினதை நானே கழற்ற எனக்கே இந்தப் பாடு, நல்லா மாட்டித் தொலைச்சிருக்கேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே நாலுகம்பி ஒன்பது பாட்டின் டேப்புகளை வரிசைப்படி எடுத்து ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினான். பத்தாவது என்று எழுதிய டேப் மெஷினிலேயே இருந்தது. அதைத் தொடவில்லை.

நாலு மணி நாற்பது நிமிஷத்துக்குக் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மச்சான் தோளைக் கொடுத்து நகர்த்தினார். வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. மனைவி மூன்று படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. அவன் முகத்தைப் பார்த்ததும் மேலே ஏறி வந்து முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். கோபக்காரிக்குச் செய்ய வராத காரியம் அது. கோபம் இல்லாதவளுக்கும் அவ்வளவு அழுத்தித் துடைக்க வராது.

அப்போது கீழே கதவு திறந்து, பையோடு படியேறி வந்தாள் மகள். பதினாறு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். கழன்று கிடந்த கதவு, எண்ணெய்க் கையோடு மாமா, நனைந்த சட்டையோடு அப்பா, படியில் நிற்கும் அம்மா. எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றாள் அம்மாவிடம்.

இவளுக்கும் தெரியும். வீட்டில் தெரியாதவன் அவன் ஒருவன்தான். அதற்கும் அவன் யாரைக் குறை சொல்ல முடியும்? சொல்ல வந்தபோதெல்லாம் கதவை மூடிக்கொண்டவன் அவன்.

தெரிந்துவிட்டது என்று மனைவி தலையாட்டினாள். பாப்பா பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்கப் போனாளாம். அம்மா கையெழுத்து மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார்களாம். சேர்க்கும்போது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா, அதனால் அப்பா கையெழுத்து வேண்டுமாம். திங்கட்கிழமை காலைக்குள் கொடுக்க வேண்டும்.

மனைவியின் முகம் வெளுத்தது. அவள் கணக்கில் இது இல்லை.

நாலுகம்பி தாளை வாங்கிப் பார்த்தான். கீழே ஒரு கோடு, தந்தை அல்லது பாதுகாவலர் என்று அச்சடித்திருந்தது. நாலு மணி நேரமாகத் தான்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இந்தக் கோட்டில் அவன் பேனாவை வைக்கும் வரை அவளும் இந்த வீட்டை விட்டு அசைய முடியாது, மகளும் அசைய முடியாது.

"நீ என்ன சொல்றே பாப்பா? உனக்குப் போகணும்னு இருக்கா?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு செருப்பைப் பார்த்தாள். "இவ்வளவு நாள் யாரும் கேக்கலை. திடீர்னு கேட்டா எப்படிப்பா சொல்றது?"

மச்சான் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் நீட்டியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது போலக் கையைப் பாதியில் நிறுத்தினார். நாலுகம்பி பேனாவை வாங்கிக்கொண்டான். தாளைச் சுவரில் வைத்து, கோட்டின்மேல் பேனா முனையைக் கொண்டுபோனான்.

மனைவியின் உள்ளங்கை வந்து கோட்டை மூடியது.

"இன்னிக்கு வேண்டாம்" என்றாள். "இந்தச் சூட்டோட போட்டா, நாளைக்கு அது கோபத்துல போட்டதா, பெருந்தன்மையில போட்டதான்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் கதவு இல்லாத வீட்டுல இருந்து பாருங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கீழே அழைப்பு மணி அடித்தது. ஐந்து அடிக்க இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். படி முழுக்க உடைந்த டம்ளரும் டீயுமாக இருந்தது, பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான். வாசலில் ரெக்கார்டு கம்பெனிக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து எண்ணினார், இன்னொரு தடவையும் எண்ணினார். வீட்டில் சொன்னார்கள், இருந்தாலும் உங்கள் வாயால் கேட்கிறேன், பத்தாவது வருமா, குரல் வருமா என்றார்.

"இல்லைங்க. ஒன்பதுதான். இதோட முடிஞ்சுது."

அவர் பெட்டியை மூடினார். பிறகு ஓர் ஒப்புதல் சீட்டை நீட்டி, ஒன்பது டேப் ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். மச்சானின் பேனா அவன் கையிலேயே இருந்தது. வாசல் சுவரில் சீட்டை வைத்து, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினான்.

அன்று அவன் போட்ட முதல் கையெழுத்து அது. இரண்டாவது, மாடிப்படியில், அவள் உள்ளங்கைக்குக் கீழே காத்திருந்தது.